நொடிக்கு ஒன்று புள்ளி இரண்டு

கையேட்டில் ஓர் ஆள் இருக்கிறான்.
நொடிக்கு ஒன்று புள்ளி இரண்டு மீட்டர் நடக்கிறான்.
சாலையின் அகலம் பதினெட்டு மீட்டர்.
அவனை நம்பித்தான் ஐந்து ரோட்டில்
நடப்பவர்களுக்குப் பதினைந்து நொடிப் பச்சை.

மூன்று நாளாக அவனைத் தேடுகிறேன்.
தினக்கூலி நானூற்றைம்பது, ஒரு ஸ்டாப்வாட்ச்,
நகைக்கடை பெயர் போட்ட குடை,
மேம்பாலத் தூணின் நிழல்.
பத்து மணிக்கு நிழல் என்னை விட்டுவிட்டு
நடுத்திட்டைப் பார்த்துப் போகும்.
இந்த ஊரில் சிக்னலுக்கு நிற்காமல்
பத்திரமாகக் கடப்பது அது ஒன்றுதான்.

கொலுசுப் பட்டறைக்குப் போகிறவள்,
இடுப்பில் பிள்ளை, கையில் தூக்குப்போசி.
இருபத்தோரு நொடி.
பிள்ளை நழுவவிட்ட செருப்புக்குக் குனிந்ததைக்
கழித்தால் பதினெட்டு.
கழிக்கலாமா என்று படிவத்தில் இல்லை.
பெயர் கேட்கக் கூடாது என்றிருந்தார்கள்;
மூன்றாம் நாள் அவளாகவே சொன்னாள், பூங்காவனம்.
"என்னத்தக்கா எழுதறீங்க எங்களப் பத்தி?"

முட்டி அறுவை செய்துகொண்ட ஜவ்வரிசி ஆலைக் கணக்கர்
முப்பத்து நான்கு.
பாதியில் நின்று இரண்டு பக்கமும் கும்பிட்டார்.
சாமியையா டிரைவரையா தெரியவில்லை,
ஒரு தண்ணி லாரி நின்றது.

கல்லூரிப் பெண்கள் ஆறு பேர், கைகோத்து,
பன்னிரண்டு.
அது நடை அல்ல.
ஓட்டத்துக்குக் கட்டம் இல்லாததால்
நடை என்றே எழுதினேன்.

மல்கோவாக் கூடைக்காரர் கடக்கவே இல்லை.
நான்கு பச்சை பார்த்தார்.
பிறகு கூடையை இறக்கிப்
பாலத்துக்கடியிலேயே கடை போட்டுவிட்டார்.

வரைபடத்தில் நடைபாதை இருக்கிறது,
நேர்த்தியாக, சாம்பல் நிறத்தில்.
நேரில் அங்கே ஒரு டிரான்ஸ்ஃபார்மர்,
பாதாம்பால் வண்டி,
காதுகுத்துக்கு வரவேற்கும் ஃப்ளெக்ஸின் சவுக்குக் கால்கள்,
மிச்சம் இருக்கும் ஒற்றைக் கல்லில்
யாரோ பூட்டிவைத்த புல்லட்.

சிக்னல் பெட்டிக்குச் சாவி செங்கோட்டுவேலிடம்.
ஆறு நொடி கூட்டினால் என்ன, கேட்டேன்.
"ஆறா? ஜங்ஷன் வரைக்கும் நிக்கும் மேடம்.
ஃப்ளோ செத்துரும்."
வண்டி என்று அவர் சொல்வதில்லை, ஃப்ளோ.
திருமணிமுத்தாறு மறந்துபோன ஓட்டத்தை
இந்தத் தாரில் கண்ணும் கருத்துமாகக்
காப்பாற்றி வருகிறார்.

இன்று மதியம் இரண்டு நாற்பது.
காது கிழிந்த செவலை நாய் ஒன்று
விளக்கு மாறும்வரை நின்றது.
வெள்ளைக் கோட்டை விட்டு இறங்காமல் நடந்தது.
பதினைந்து நொடி.
நாலரைக்குத் திரும்பி வந்தது,
அப்போதும் பதினைந்து.

ஆக, கண்டுபிடித்துவிட்டேன்.
மூட்டை இல்லை, முட்டிவலி இல்லை,
காலில் தட்டும் கொசுவம் இல்லை,
ஒன்பதுக்குள் விரல்ரேகை வைக்காவிட்டால்
அரைநாள் சம்பளம் பிடிக்கிற
முதலாளி இல்லை.

ஐந்தரைக்குப் படிவங்களை
எதிர்ப்பக்கம் நிற்கும் ஜீப்பில் சேர்க்கவேண்டும்.
கடிகாரத்தைச் செங்கோட்டுவேலிடம் நீட்டி
என்னை அளங்கள் என்றேன்.
சிரித்துக்கொண்டே வாங்கினார்.

பாதிக்கு மேல் வந்திருப்பேன், விளக்கு மாறியது.
கோடு மறைந்து டயர் தெரிந்தது.
ஒரு பைக்கின் கண்ணாடி குடையைப் பிடுங்கிக்கொண்டு
இரண்டடி போய்ப் போட்டது.
வாயில் வந்த வார்த்தையை
இங்கே எழுத முடியாது.

கரை சேர்ந்து திரும்பினேன்.
அவர் விரலால் காட்டினார்:
பத்து. இன்னொரு பத்து. அப்புறம் மூன்று.
சிரிப்பைக் காணோம்.

குறிப்பு என்ற கட்டம் அரை அங்குலம்.
'பெண், நாற்பத்தொன்று, சுமை: குடை (போகும்போது).'
அதற்குமேல் கொள்ளவில்லை.

கடிகாரத்தைத் திருப்பித் தர
அவர் இந்தப் பக்கம் வரவேண்டும்.
இடுப்பில் சாவிக்கொத்து ஆட
விளிம்புக்கு வந்து நிற்கிறார்,
அருகே பூங்காவனம், தோளில் தூங்கும் பிள்ளை.
முதல் பச்சை போனது.

இரண்டாவதும்.